படுக்க வைத்த புத்தகம்

புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் என்னென்ன விழும் என்று எனக்குத் தெரியும். பஸ் டிக்கெட் விழும். தீக்குச்சி விழும். ஆஸ்பத்திரிச் சீட்டு, வேப்பங்குச்சி, பல் போன சீப்பு. ஒருமுறை கொலுசுத் திருகு ஒன்று விழுந்தது. யாரும் வந்து கேட்கவில்லை.

செஞ்சி கடைத்தெருவிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் வியாபாரிகள் சேர்ந்து வைத்த வாசகசாலை இருக்கிறது. ஒரு கூடம், ஒரு அறை, எட்டு அலமாரி. அதைப் பெருக்கித் துடைப்பவள் நான். பதினோரு வருஷமாகிறது. ஐந்தாவது வரை படித்தவள். முதலில் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இப்போது கூட்டாமலே வருகிறது.

அங்கே கட்டுப் புத்தகம் என்று சில உண்டு. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை யாரோ வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டவை. ஊரை விட்டுப் போன வீடுகளிலிருந்து மூட்டையாக வந்தவை. வேறு எங்கும் கிடைக்காது என்பதால் அவற்றை வெளியே கொடுப்பதில்லை. அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். பாதியில் எழுந்து போகிறவர்கள் ஏதாவது அடையாளம் வைத்து, புத்தகத்தை நிற்க வைக்காமல் படுக்க வைத்துவிட்டுப் போவார்கள். நிற்கிற புத்தகத்தை யாரும் எடுக்கலாம். படுத்திருக்கிற புத்தகத்துக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை யாரும் தொடமாட்டார்கள். எழுதி ஒட்டிய விதி இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

அடையாளம் வைப்பதில் ஆளுக்கு ஒரு குணம். மளிகைக் கடைக்காரர் பக்கத்தின் காதை மடக்குவார். பரீட்சைக்குப் படிக்க வருகிற பெண்கள் எதுவும் வைப்பதில்லை. போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தையல் கடை அம்மா நெற்றியில் இருக்கிற ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, நிறுத்திய வரிமேலேயே ஒட்டிவிட்டுப் போவார். மறுநாள் வந்து அதே பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வார். நாலைந்து நாளில் பசை போய்விடும். "இந்தச் சனியன் நெத்தியிலயும் நிக்கல, கதையிலயும் நிக்கல" என்று தரையில் குனிந்து தேடுவார். பெருக்கும்போது எனக்குக் கிடைக்கும். எடுத்துக் கொடுப்பேன்.

துடைப்பதற்காகப் புத்தகத்தை எடுத்தால் அடையாளம் இருக்கிற பக்கம் தானாகத் திறக்கும். அந்தப் பக்கத்தை நின்றபடியே படிப்பேன். அதற்கு மேல் புரட்டமாட்டேன். இப்படி நிறையப் பக்கம் படித்திருக்கிறேன். ஒரு கதைக்கும் தொடக்கம் தெரியாது. முடிவும் தெரியாது. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

வீட்டில் நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் நெல் மண்டியில் மூட்டை தூக்கினவர். போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. காலையில் வாசகசாலையைத் திறந்து, சாயங்காலம் சாத்தி, நடந்து வீட்டுக்குப் போனால், அன்றைக்கு நான் பேசியது மொத்தம் இருபது வார்த்தை இருக்கும். அதில் பாதி "காலைத் தூக்குங்க சார், பெருக்கணும்" என்பதுதான்.

அந்த ஐயா தினமும் நான்கு மணிக்கு வருவார். எண்பது வயதுக்கு மேல். சமணர். எங்கள் பக்கத்தில் நயினார் என்பார்கள். தளவானூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்தவர். சம்சாரம் இல்லை. மகன் பெங்களூரில். பெரிய வீட்டில் தனியாக இருந்தார். சமைக்க ஒரு பெண் வந்து போவாள்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்பார்.

"சாப்டியாம்மா?"

நான்கு மணிக்கு இது என்ன கேள்வி என்று முதலில் நினைத்தேன். அவர் கணக்கில் அது ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். அவர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள்.

"ஆச்சுங்க" என்பேன். சில நாள் அது பொய்யாக இருக்கும். எப்படியோ, என்னை அப்படிக் கேட்க வேறு ஆள் இல்லை.

ஐந்தரை ஆனால் எழுந்துவிடுவார். ஊருக்கு மேற்கே மலை. சூரியன் சீக்கிரமே அதன் பின்னால் போய்விடும். வாசகசாலைப் பொறுப்பாளர் முன்பு ஜவுளிக் கடையில் துணி அளந்தவர். வாய் சும்மா இருக்காது.

"உக்காருங்க ஐயா. அது மலை மறைக்கறது. அஸ்தமனத்துக்கு இன்னும் அரை மணி இருக்குது."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். என் வயித்துக்குத் தெரியாதே."

"பாதிக் கதையில எழுந்து போறீங்க. எனக்கே மனசு ஆறல."

"கதை எங்க ஓடிப் போவுது? கட்டி வெச்சிட்டுத்தானே போறேன்."

பழைய வேட்டியின் கரையிலிருந்து கிழித்த பச்சைத் துண்டு ஒன்று வைத்திருப்பார். விரல் அகலம் இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்து மூடி, புத்தகத்தைத் தானே கொண்டுபோய் அலமாரியில் படுக்க வைப்பார். பிறகுதான் போவார்.

அவர் படித்தது தடிமனான கட்டுப் புத்தகம். ஒரு பெண் ரயிலில் போகிறாள். இறங்கும்போது பெட்டி மாறிவிடுகிறது. அந்நியனின் பெட்டியை வைத்துக்கொண்டு அவனைத் தேடுகிறாள். அவர் சொல்லித்தான் எனக்கு இவ்வளவும் தெரியும். பூதக்கண்ணாடியை வரிமேல் நகர்த்திப் படிப்பார். ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம், பத்துப் பக்கம்.

"நேத்து படிச்சது இன்னிக்கு ஞாபகம் இல்லம்மா" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். "இந்தக் கரை எங்க சொல்லுதோ அங்கேருந்து ஆரம்பிக்கறேன். அது சொன்னா சரிதான்."

மகன் அடிக்கடி போன் செய்வார். ஐயாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்.

"நைனா, இன்னும் எவ்ளோ பாக்கி?"

ஐயா மிச்சப் பக்கங்களின் கனத்தின் மேல் விரலைப் படுக்க வைத்து அளப்பார். "ஒன்றரை விரக்கடை இருக்குதுப்பா."

"விரக்கடைன்னா எத்தினி நாளு?"

"உன் வெரலா, என் வெரலா?"

"விளையாடாதீங்க நைனா. இங்க ரூம் ரெடி பண்ணிட்டேன். புக்குதானே, இங்க வாங்கித் தரேன்."

"இது கடையில விக்கறதில்ல. முடியட்டும். முடிஞ்சதும் வரேன்னு சொன்னேன் இல்ல? வருவேன்."

முடிந்ததும் போய்விடுவார். அது எனக்கு அன்று தெரிந்தது. பெருக்கிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து பெருக்கினேன்.

மழைக்காலம் தொடங்கியது. அலமாரியில் தாளை அரிக்கிற ராமபாணப் பூச்சி கண்டுவிட்டது. பொறுப்பாளர் சத்தம் போட்டார்.

"ஏம்மா, ஒன்னொன்னா எடுத்து உதறு. நல்லா உதறு. பூவு மாதிரி தொடைச்சி வெச்சா பூச்சி போவுமா?"

உதறினேன். நிற்கிற புத்தகங்களைத்தான் உதற வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். மூன்றாவது அலமாரி முடிந்து நான்காவதுக்கு வரும்போது கை தன்னால் ஓடியது. படுத்திருந்ததையும் எடுத்து உதறிவிட்டேன். பச்சைக் கரை என் கால் பெருவிரல்மேல் விழுந்தது.

குனிந்து எடுத்தேன். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தெரியாது. பக்க எண்ணும் உதவாது. வாரப் பத்திரிகைக்கு வாராவாரம் எண் புதிதாகத் தொடங்கும். முப்பத்து நாலு வரும், முப்பத்தைந்து வரும், அடுத்து பதினெட்டு வரும். அவரிடம் போய் எத்தனையாவது பக்கம் என்று கேட்கவும் வழியில்லை. அதனால்தான் எல்லோரும் அடையாளம் வைக்கிறார்கள்.

மணி மூன்றரை. போன வாரம் துடைத்தபோது நான் பார்த்த பக்கம் மட்டும் நினைவு இருந்தது. அந்தப் பெண் வழியில் ஒரு கல்யாண வீட்டில் மாட்டிக்கொள்கிறாள். பந்தியில் மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தும்மல் வந்து, பல்செட் கழன்று பாயசத்தில் விழுகிறது. அதைத் தேடிப் பிடித்தேன். அதற்கு ஒரு பக்கம் முன்னால் கரையை வைத்தேன். விட்டுப் போவதைவிடத் திரும்பப் படிப்பது மேல் என்று நினைத்தேன். அவர் கண்டுபிடித்து ஏதாவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம்.

அவர் வந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். உட்கார்ந்தார். கரை இருந்த இடத்திலிருந்து படித்தார். ஒரு பக்கம் தாண்டியதும் தோள் குலுங்கியது. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஏம்மா, இங்க வா. கேளு. பாயசத்துல பல்லு வுழுந்துடுச்சு. அந்தாளு அதைத் தேடறதுக்காக மூணு தடவ பாயசம் வாங்கறான்."

போன வாரமும் இதே மாதிரி கூப்பிட்டு இதையே சொன்னார். இதே மாதிரிதான் சிரித்தார்.

நான் சிரித்தேன்.

அன்றே நிறுத்தியிருந்தால் அது தவறிப் போய் நடந்த ஒன்று. நான் நிறுத்தவில்லை.

எட்டு நாள் கழித்து ஐயா போனில் "ஒரு விரக்கடைதான்பா" என்று சொன்னார். அன்று அவர் போன பிறகு அலமாரிப் பக்கம் போனேன். படுத்திருந்த புத்தகத்தை எடுத்தேன். கரை இருந்த பக்கத்தைப் படித்தேன். அந்தப் பெண் ஒரு லாரி ஷெட்டில் மழைக்கு ஒதுங்கியிருந்தாள். கரையை உருவினேன். பந்திக்கு ஒரு பக்கம் முன்னால் வைத்தேன். பயமாக இல்லை. மறுநாள் அவர் சிரித்தார். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அதற்குப் பிறகு மூன்று முறை செய்தேன். அவர் ஒரு வாரம் படிப்பார். முன்னே போவார். நான் பின்னே கொண்டு வருவேன். வேறு பக்கத்தில் வைத்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் பாயசத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அவர் என்னைக் கூப்பிடுகிற இடம் அது.

பொறுப்பாளருக்கு மட்டும் ஏதோ உறைத்தது. "அந்தக் கதை ரப்பரா ஐயா? இழுக்க இழுக்க வருதே. நான் அதுக்குள்ள ரெண்டு நாவல் முடிச்சிட்டேன்."

"நீ எழுத்தைப் படிக்கறியா, படத்தைப் பாக்கறியா?" என்றார் ஐயா. எல்லோரும் சிரித்தார்கள். நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டேன்.

ஐந்தாவது முறை மாற்றிய மறுநாள் அவர் சிரிக்கவில்லை.

புத்தகத்தைத் திறந்தார். பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. உனக்குப் படிக்கத் தெரியும் இல்ல?"

"கொஞ்சம் தெரியுங்க."

"அடுத்த பக்கத்துல ஒருத்தன் பல்லு பாயசத்துல வுழும். வுழுதா பாத்துச் சொல்லு."

நான் திருப்பினேன். விழுந்திருந்தது.

"வுழுதுங்க."

அவர் முகம் எப்படிப் போனது என்பதை என்னால் எழுத முடியவில்லை. நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"படிக்காத பக்கம் எப்படித் தெரியுது எனக்கு? அப்ப படிச்சிருக்கேன். படிச்சது போவுது, மறுபடி வருது. எங்க அண்ணனுக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு போறவன் வரவனையெல்லாம் என் வீடு எதுன்னு கேட்டாரு."

நான் நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அவர் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டார். கரையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு திறந்திருந்த பக்கத்திலேயே வைத்து மூடினார்.

இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. மகனிடம் சரி என்று சொல்லிவிட்டதாகப் பொறுப்பாளரிடம் சொன்னார். வீட்டை வாங்க ஆள் தயாராக இருந்தாராம், பேசி முடித்துவிட்டார்களாம். இன்னும் பன்னிரண்டு நாளில் மகன் வண்டியோடு வருகிறார்.

"இன்னா ஐயா திடீர்னு? கதை முடியலியே."

"எனக்கு அது முடியாதுப்பா. முடிக்கற நெலமையில நான் இல்ல."

பொறுப்பாளர் டீ குடிக்கப் போனார். கூடத்தில் தையல் கடை அம்மா மட்டும் தூரத்தில் இருந்தார். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் எதிரே போய் நின்றேன்.

"ஐயா, ஒன்னு சொல்லணும்."

"சொல்லு."

"பாயசம் திரும்பத் திரும்ப வந்தது உங்களால இல்ல. நான்தான் கரையை எடுத்துப் பின்னால வெச்சேன்."

அவர் புரியாதவர் மாதிரி பார்த்தார். நான் இன்னொரு முறை சொன்னேன்.

"எத்தினி தடவ?"

"அஞ்சு. மொதோ தடவ தெரியாம வுழுந்துடுச்சு. மத்த நாலும் தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"இன்னாத்துக்கு?"

"முடிஞ்சா போயிடுவேன்னீங்க" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பயந்துட்டேம்மா" என்றார். "ரெண்டு நாளா எழுந்ததும் வீட்டுல எத்தினி கதவு இருக்குதுன்னு எண்ணறேன். நேத்து எண்ணினது இன்னிக்கும் வருதான்னு பாக்கறேன். பல்லு வெளக்கறதுக்கு முந்தி அதான் வேலை."

"மன்னிச்சிடுங்க."

"பையன்கிட்ட நானே போன் பண்ணி, வந்து கூட்டிட்டுப் போன்னு அழுதேன்."

"நீங்க மறக்கறதும் நெசம்தாங்க. அத்தினி தடவயும் புதுசாட்டம் சிரிச்சீங்க." இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. உண்மை முழுதாக இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

"தெரியும். அது என் மறதி. அதைச் சொமந்துக்கலாம்னு இருந்தேன். நீ உன் பங்கையும் அதுமேல ஏத்திட்ட."

பிறகு ஒன்று கேட்டார். உண்மையில் எந்தப் பக்கம் வரைக்கும் வந்திருந்தார் என்று.

அது எனக்குத் தெரியும். கரையை எடுக்கிற ஒவ்வொரு முறையும் அது இருந்த பக்கத்தைப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கடைசியானது, அந்தப் பெண் பெட்டிக்காரனின் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிற பக்கம். புரட்டி எடுத்துக் கொடுத்தேன். அவர் விரலை வைத்து அளந்தார். முக்கால் விரற்கடை இருந்தது.

"அப்ப போகாதீங்க ஐயா" என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. பேசி முடித்த வீடு.

அதிலிருந்து தினமும் மூன்றரைக்கே வந்தார். வேகமாகப் படித்தார். ஐந்தரைக்கு எழுவார். ஆனால் பச்சைக் கரையைப் புத்தகத்தில் வைக்கவில்லை. சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்று வைத்திருந்தார். கடைசியாகப் படித்த வரியை அதில் முழுதாக எழுதிக்கொள்வார். நோட்டைப் பையில் போட்டு, பொத்தானைப் போடுவார். புத்தகத்தை அலமாரியில் நிற்க வைத்துவிட்டுப் போவார். மறுநாள் நோட்டைத் திறந்து, அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்துத் தொடங்குவார். அதைத் தேடுவதற்கே கால் மணி நேரம் போகும். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். தூரத்திலிருந்தே பார்த்து வைத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

மரியாதைக்குக் குறைவில்லை. "இந்த ஃபேனைக் கொஞ்சம் போடும்மா" என்பார். போடுவேன். என்னோடு பேசியது அவ்வளவுதான்.

கடைசி நாள் மழை. பொறுப்பாளர் அனந்தபுரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். பேப்பர் படிக்க வந்தவர்கள் மழைக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். ஐயாவும் நானும் மட்டும். ஐந்து மணி இருக்கும். பக்கம் புரட்டுகிற சத்தம் நின்றது. பிறகு வேகமாக நாலைந்து முறை புரட்டுகிற சத்தம் கேட்டது. முன்னும் பின்னும்.

"ஏம்மா."

போனேன்.

அந்தப் பெண் பெட்டியோடு ஒரு வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறாள். உள்ளே யாரோ எழுந்து வருகிற சத்தம். அந்தப் பக்கம் அத்தோடு முடிகிறது. அடுத்து அட்டை. அட்டையின் உள்பக்கம் வெறும் பழுப்புத் தாள்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுவும் நீயா?"

"இல்லைங்க."

"கடைசி வாரம் காணோம்."

"நான் எடுக்கலைங்க. சத்தியமா. கடைசிப் பக்கத்தை நான் பாத்ததே இல்ல."

அவர் தையல் ஓரத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். கிழித்த தடம் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று தெரிந்தது. நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பழைய தாள். எங்கே கிழிந்தது, எங்கே தானாக உதிர்ந்தது என்று யார் சொல்ல முடியும்?

"சரி" என்றார். "விடு."

நம்பியதற்கான சரியா, போதும் என்பதற்கான சரியா, எனக்குத் தெரியவில்லை. குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார். செருப்பு நனைந்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று மளிகைக் கடைக்காரர் சொன்னார்.

பொறுப்பாளர் திரும்பி வந்ததும் புத்தகத்தைக் காட்டிக் கேட்டேன்.

"இதுவா? மூட்டையில வரும்போதே கடைசி வாரம் கெடையாது. நான்தானே எடுத்து அடுக்கினேன், ஐயாகிட்ட சொல்லத்தான் தோணல. கடைசி வாரத்த எவளோ இரவல் வாங்கிட்டுப் போயி திருப்பித் தந்திருக்கமாட்டா. அதுக்குள்ள சேத்து வெச்சவங்க தைச்சிட்டாங்க."

"அவர்கிட்ட இதைச் சொல்லணும் சார். நம்பர் இருக்குதா?"

"கட்டுப் புத்தகம் படிக்கறவங்ககிட்ட நம்பர் எங்க வாங்கறோம்? புத்தகந்தான் வெளிய போறதில்லியே." பிறகு என்னைப் பார்த்தார். "ஏன், இன்னா விஷயம்?"

"ஒன்னுமில்ல சார்."

ஐயாவின் வீட்டுக்குப் போனேன். வாங்கினவர்கள் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் மகனின் எண் இருந்தது. கூப்பிட்டுக் கொடுத்தார்கள். யார் பேசுவது என்று மகன் கேட்டார். வாசகசாலையில் பெருக்குகிறவள் என்றேன்.

"சொல்லுங்க. நைனா தூங்கறாரு."

"அந்தப் புத்தகத்துல கடைசி வாரம் மொதல்லேருந்தே இல்லைங்களாம். அதைச் சொல்லணும்."

"எந்தப் புத்தகம்?"

"பெட்டி மாறின கதைங்க."

"ஓ, அதுவா." அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. "அதையெல்லாம் அவரு மறந்துட்டாரும்மா. செஞ்சியில இன்னா படிச்சீங்கன்னு நேத்து என் பொண்ணு கேட்டா. ஏதோ படிச்சேன், பாயசம் வருமேன்னாரு. அவ்ளோதான்."

"பாயசம் ஞாபகம் இருக்குதுங்களா?"

"அது மட்டும் இருக்குது. சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு. சரிம்மா, சொல்றேன். வெச்சிடட்டுமா?"

"வெச்சிடுங்க" என்றேன்.

போனைத் துடைத்து அவர்களிடம் கொடுத்தேன். மணி நாலாகியிருந்தது. வாசகசாலையைத் திறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். பெருக்கப் போனேன்.